வீட்டுக்கு ஒரு வாக்கு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பார்சிப்பனி என்றொரு ஊர். 2005இல் அந்த ஊரின் மன்றத் தேர்தலில் வாசிம் கான் என்பவர் நின்றார். மேஸ்டாபுரூக் காமன்ஸ் என்ற குடியிருப்பில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. தனக்கு வாக்குக் கேட்டு அச்சடித்த அட்டைகளை அந்த வீட்டின் சன்னலிலும் கதவிலும் உட்புறமாக வைத்தார். எடுத்துவிடும்படி குடியிருப்புச் சங்கத்திடமிருந்து உத்தரவு வந்தது, எடுத்தார். சங்க விதிப்படி அங்கே வைக்க அனுமதிக்கப்பட்ட அட்டை ஒன்றே ஒன்றுதான்: வீடு விற்பனைக்கு. வீட்டை விற்கப்போவதாக ஊருக்குச் சொல்லலாம், எனக்கு வாக்களியுங்கள் என்று சொல்லக் கூடாது. இந்தத் தடை செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2012இல். தேர்தல் முடிந்து ஏழாண்டு ஆகியிருந்தது.

தடை போட்டது நகராட்சியும் இல்லை, காவல்துறையும் இல்லை. ஒரு குடியிருப்பின் நிர்வாகக் குழு. அமெரிக்கத் தமிழர் வீடுகளில் 'எச்.ஓ.ஏ.' என்று அன்றாடம் அடிபடும் பெயர் இது. வீட்டு உரிமையாளர் சங்கம். நம் ஊர்த் தெருக்களின் நலச்சங்கத்தில் விருப்பமிருந்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் சந்தா கட்டாமல் ஒதுங்கி இருக்கலாம். அங்கே அதற்கு வழி இல்லை. கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதுமே உறுப்பினர். வெளியேற வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். கட்டணம் கட்டாயம். உட்சாலை, பூங்கா, நீச்சல் குளம், மழைநீர்க் குட்டை எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. வேலிக்கு என்ன நிறம், முன்புறப் புல் எவ்வளவு உயரம், வாசலில் எந்த வண்டி நிற்கலாம் என்பதும் சங்கத்தின் முடிவு. மீறினால் அபராதம். கட்டணம் நிலுவை விழுந்தால் அந்த வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகும் அதிகாரம் பல மாநிலங்களில் சங்கத்துக்கு உண்டு.

அந்த அதிகாரம் ஏட்டில் தூங்குவதும் இல்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ, இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் நகரம். அங்கே வீடு வைத்திருந்த ஓர் இராணுவ அதிகாரி ஈராக்கில் பணியில் இருந்த சமயம், சுமார் 800 டாலர் சங்க நிலுவைக்காக அவருடைய வீடு ஏலத்துக்கு வந்தது. சுமார் 3 லட்சம் டாலர் பெறுமான வீடு 3,500 டாலருக்குப் போனது. வழக்காடி, சமரசமாகி, 2010இல் வீடு திரும்பக் கிடைத்தது. மறு ஆண்டே டெக்சாஸ் சட்டமன்றம், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சங்கக் கட்டணத்துக்காக வீட்டை ஏலம் விடக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தியது.

வரி வசூலிக்கிறது, விதி செய்கிறது, தண்டம் போடுகிறது, சொத்தைப் பறிக்கவும் முடிகிறது. இவ்வளவும் செய்யும் அமைப்புக்கு அரசு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. அரசியல் அறிஞர் எவன் மெக்கென்சி 1994இல் 'பிரைவடோப்பியா' என்ற நூலில் இதைத் தனியார் அரசு என்றே கொண்டு ஆராய்ந்தார். 1970இல் அமெரிக்கா முழுவதும் இத்தகைய சங்கங்கள் ஏறக்குறைய 10,000 என்கிறது இத்துறையின் தேசிய அமைப்பான கம்யூனிட்டி அசோசியேஷன்ஸ் இன்ஸ்டிடியூட். அதன் அண்மைக் கணக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. அவற்றில் வாழ்வோர் ஏழு கோடிக்கும் மேல். தமிழ்நாட்டு மக்கள்தொகைக்கு நிகரான ஒரு கூட்டம், நகராட்சிக்குக் கீழே இன்னோர் அரசின் குடிமக்களாகவும் இருக்கிறது. அந்த அரசை அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? தேர்தல் எல்லாச் சங்கத்திலும் ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது. தேர்தலைத் தேர்தலாக்கும் மற்ற ஏற்பாடுகள், அதாவது எதிர்த்து நிற்கும் உரிமை, பேசும் உரிமை, இரகசிய வாக்கு, சார்பற்ற எண்ணிக்கை, பொதுக்கணக்கு ஆகியவை அந்தச் சங்கங்களுக்குள் மிகத் தாமதமாகத்தான் வந்தன. பல இடங்களில் இன்னும் வரவில்லை. சங்கங்களைச் சீரழிப்பது இந்த இடைவெளிதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் இந்தச் சங்கங்களை உருவாக்கியவர்களுக்கு மக்களாட்சி நோக்கமே கிடையாது. மனை விற்றவர்கள் அவர்கள். கான்சாஸ் நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய அளவில் குடியிருப்புகளைப் போட்ட ஜே. சி. நிக்கோலஸ், மனையோடு சேர்த்து நிபந்தனைகளையும் விற்றார். கறுப்பின மக்களுக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நிபந்தனை குறிப்பிட்ட ஆண்டுகளில் காலாவதியாகிவிடாதபடி ஓர் ஏற்பாடும் செய்தார். காலக்கெடு முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெரும்பான்மை உரிமையாளர்கள் எழுத்து மூலம் மாற்றாவிட்டால், அது தானாகவே நீளும். வாய் திறக்காதவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்கள் ஆகிவிடுவார்கள். இனத்தைக் காட்டி ஒதுக்கும் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது; 1968இல் வந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் அத்தகைய பாகுபாட்டையே தடை செய்தது. ஆனால் பேசாதிருப்பவரைச் சம்மதித்தவராக எண்ணும் முறை வேறு வேறு உருவில் சங்க விதிகளில் தொடர்கிறது.

நியூ ஜெர்சியின் ராட்பர்ன், நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் அறிந்த பெயர். கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் இருவரும் வடிவமைத்து 1929இல் குடியேற்றம் தொடங்கிய இடம். வீடுகள் சாலைக்குப் புறங்காட்டிப் பூங்காவைப் பார்க்கும். குழந்தைகள் கார் ஓடும் சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போகலாம். உலகம் முழுக்கப் பாராட்டிய திட்டம். அதன் சங்கத்தை நடத்தியவர்கள் ஒன்பது அறங்காவலர்கள். சங்க விதிப்படி 'உறுப்பினர்' என்றால் இப்போதைய, முன்னாள் அறங்காவலர்கள் மட்டும். வேட்பாளர் யார் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். குடியிருப்போர் அந்தப் பட்டியலுக்குள்தான் வாக்களிக்க முடிந்தது. சங்க நிலத்தின் ஒரு பகுதியை விற்பது தொடர்பான சச்சரவில் குடியிருப்போர் சிலர் இந்த முறையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் முறை மாறவில்லை. 2017இல்தான் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்து, வீட்டு உரிமையாளர் எல்லாரும் சங்க உறுப்பினர்தாம், அவர்கள் வேட்பாளராக நிற்கலாம், பெயர் முன்மொழியலாம் என்று விதித்தது. அந்தச் சட்டத்துக்கு நியூ ஜெர்சியில் ராட்பர்ன் சட்டம் என்றே பெயர். ஏறக்குறைய 90 ஆண்டுகள் அந்த ஊரில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள் தங்கள் சங்கத் தேர்தலில் தாங்களே நிற்க முடியாமல் இருந்திருக்கிறார்கள். உலகத்தின் மிகச் சிறந்த குடியிருப்புத் திட்டங்களில் ஒன்றைப் போட்டவர்களுக்கு இது ஒரு குறையாகவே படவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

1960களில் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் சங்கம் உள்ள குடியிருப்புகளுக்கு ஊக்கம் தந்தது. கடன் உத்தரவாதத்துக்கான மாதிரி விதிகளும் பரவின. நகராட்சிகளுக்கும் இது வசதியாக இருந்தது. சாலையும் சாக்கடையும் சங்கத்தின் செலவு, சொத்து வரி மட்டும் நகராட்சிக்கு. பல புறநகர்ப் பகுதிகளில் புதிதாக வீடு வாங்குகிறவருக்குச் சங்கம் இல்லாத வீடு கிடைப்பதே அரிதாகிவிட்டது. விரும்பித்தானே சேர்ந்தீர்கள் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வாக்குரிமைக்கு வருவோம். 1964இல் மாநிலச் சட்டமன்றங்களுக்கும், 1968இல் ஊர் நிர்வாகங்களுக்கும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமநிலை கட்டாயம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கங்கள் தனியார் அமைப்பு என்பதால் அந்தத் தீர்ப்புகள் அவற்றைத் தொடுவதில்லை. இங்கே பொதுவாக வீட்டுக்கு ஒரு வாக்கு. சில அடுக்குமாடிகளில் பரப்பளவையோ மதிப்பையோ பொறுத்து வாக்கின் எடை மாறும். கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்கும் ஒரு வாக்கு, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் ஒரு வாக்கு. பத்து வீடு வாங்கி வாடகைக்கு விட்ட முதலீட்டாளருக்குப் பத்து. அந்தப் பத்து வீடுகளில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்து, அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டு, அதே குளத்தில் பிள்ளைகளை நீந்த விட்டு, வாடகை வழியாக அதே கட்டணத்தையும் சுமப்பவர்களுக்கு வாக்கே இல்லை.

பில்டரின் கதை தனி. குடியிருப்பு முழுக்க விற்றுத் தீரும் வரை அவர் கையில்தான் சங்கம். உறுப்பினரை இரண்டு வகுப்பாகப் பிரித்து, வாங்கியவருக்கு மனைக்கு ஒரு வாக்கு, விற்காத மனை ஒவ்வொன்றுக்கும் பில்டருக்கு மூன்று வாக்கு என்பது பரவலான ஏற்பாடு. அப்படியானால் நூறு மனையில் எழுபத்தைந்து விற்ற பிறகும் எஞ்சிய இருபத்தைந்துக்கு எழுபத்தைந்து வாக்கு; கணக்கு சரிசமம். பெரிய குடியிருப்புகளில் இந்தக் காலம் பல ஆண்டு நீளும். வேலைக்கு யாரை அமர்த்துவது, கட்டணம் எவ்வளவு, கட்டுமானக் குறைக்கு யார் மேல் வழக்குப் போடுவது என்ற முடிவுகளை அதுவரை எடுப்பவர் பில்டரே. தன் மேல் தானே வழக்குப் போட யாரும் முன்வர மாட்டார். முக்கால்வாசி மனை கைமாறிய 120 நாளுக்குள் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது உரிமையாளர் வாக்கால் வர வேண்டும் என்று டெக்சாஸ் இப்போது சட்டம் வைத்திருக்கிறது. அதே மாநிலத்தில், நிலுவை இருக்கிறது என்று காரணம் காட்டி ஒருவரின் வாக்கைப் பறிப்பதும் செல்லாது. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் அவை உங்களைக் காப்பதில்லை.

உரிமை இருப்பவர்களும் வருவதில்லை என்பது அடுத்த சிக்கல். ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் சேராமல், கோரம் இல்லை என்று கலைவது சாதாரண நிகழ்ச்சி. தேர்தல் நடக்காவிட்டால் இருக்கும் குழுவே தொடரும். ஆகவே கூட்டத்துக்கு யாரும் வராமல் இருப்பது பதவியில் இருப்பவருக்கு லாபம். கோரத்தை எட்டப் பதிலி வாக்குகளைத் திரட்டுவார்கள். வர இயலாதவர் தன் வாக்கை இன்னாருக்கு ஒப்படைக்கிறேன் என்று கையெழுத்திட்டுத் தரும் சீட்டு அது. அந்தச் சீட்டை அச்சடித்து அனுப்புவது குழு, திரும்பப் பெறுவது குழு அமர்த்திய மேலாண்மை நிறுவனம். சீட்டில் தலைவர் பெயரை முன்கூட்டியே அச்சிட்டு அனுப்பினால், யோசிக்காமல் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் தலைவருக்கு ஒரு வாக்கைக் கொடுக்கிறார். சட்டப்படி இதில் மோசடி ஏதும் இல்லாமல் போகலாம். ஆனாலும் போட்டியின் முடிவை இதுவே தீர்மானித்துவிடும். கான்டோமினியம் எனப்படும் உரிமையாளர் அடுக்குமாடிகளின் குழுத் தேர்தலில் பதிலி வாக்கையே ஃபுளோரிடா தடை செய்திருப்பதற்கு இதுதான் நியாயம்.

கலிபோர்னியா எடுத்த வழி கவனித்துப் பார்க்க வேண்டியது. 2006 ஜூலை முதல் அங்கே சங்கத் தேர்தலில் காகிதச் சீட்டுக்கு இரட்டை உறை கட்டாயம். வாக்குச்சீட்டில் பெயர் எழுதக் கூடாது. அதை முதல் உறையில் போட்டு ஒட்டி, அந்த உறையை இரண்டாவது உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். வெளி உறையின் இடது மேல் மூலையில் பெயர், முகவரி, கையெழுத்து. வெளி உறையை வைத்து வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்த பின், உள் உறைகளைத் தனியே கொட்டிக் கலந்தால் எது யாருடையது என்று தெரியாது. சீட்டுகளைத் தேர்தலுக்கு 30 நாள் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். எண்ணுவது உறுப்பினர் முன்னிலையில், திறந்த கூட்டத்தில். எண்ணுகிறவர் குழு உறுப்பினராகவோ வேட்பாளராகவோ அவர்களின் உறவினராகவோ இருக்கக் கூடாது. 2020இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சங்கத்திடம் சம்பளமோ ஒப்பந்தமோ பெறும் மேலாண்மை நிறுவனத்தையும் அந்த வேலையிலிருந்து விலக்கியது. மீறல் நடந்தால் நீதிமன்றம் தேர்தலையே இரத்துச் செய்யலாம். 2024 முதல், கோரம் இல்லாமல் ஒத்திவைத்த தேர்தலை மறுமுறை 20 விழுக்காட்டினர் வாக்களித்தாலே நடத்தி முடிக்கலாம் என்ற விதியும் வந்தது. செலவும் தாமதமும் கூடிவிட்டன என்று குழுக்கள் முறையிடுகின்றன. முறையீட்டில் உண்மை உண்டு. நாற்பது வீட்டுச் சங்கத்துக்கு இது பாரம்தான். ஆனாலும் இந்த உறைகள் எதற்கு என்று கேட்பவர்கள் லாஸ் வேகஸ் வழக்கைப் படிக்க வேண்டும்.

நெவாடா மாநிலத்தின் அந்த நகரத்தில் 2003க்கும் 2009க்கும் இடையில் நடந்தது இது. லியான் பென்சர் என்ற கட்டுமான ஒப்பந்ததாரருக்கும், அவருடன் சேர்ந்த சிலருக்கும் ஒரு திட்டம் இருந்தது. அடுக்குமாடிகளில் கட்டுமானக் குறை இருந்தால் பில்டர் மேல் வழக்குப் போட்டுப் பெருந்தொகை பெறலாம். வழக்கை எந்த வழக்கறிஞரிடம் கொடுப்பது, வந்த பணத்தில் பழுது பார்க்கும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது சங்கத்தின் குழு. ஆகவே குழுவைப் பிடித்தால் போதும். பினாமிகள் பெயரில் வீடுகள் வாங்கப்பட்டன. முன்பணமும் மாதக் கட்டணமும் பென்சர் தரப்பு கொடுத்தது. வங்கிக் கடனுக்குப் பொய்த் தகவல். சில வீடுகளில் ஒரு சிறு பங்கை மட்டும் வேறொருவர் பெயருக்கு எழுதி வைத்து, அவரையும் 'வீட்டு உரிமையாளர்' ஆக்கித் தேர்தலில் நிறுத்தினார்கள். அந்த வீட்டில் ஒரு நாள்கூட வசிக்காதவர்கள் அயலார் பிரதிநிதிகளாக வாக்குக் கேட்டு வந்தார்கள்.

எதிரே நின்ற உண்மையான குடியிருப்பாளரைத் தோற்கடிக்க அவரைப் பற்றி அவதூறு தேடித் துப்பறிவாளர்களை அமர்த்தினார்கள். வெளியூரில் இருக்கும், தேர்தலைக் கண்டுகொள்ளாத உரிமையாளர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் பெயரில் வாக்குச்சீட்டுகளைத் தாங்களே நிரப்பினார்கள். எல்லாச் சீட்டும் ஒரே தபால் நிலைய முத்திரையோடு வந்தால் சந்தேகம் வருமே என்று, கலிபோர்னியா வரை எடுத்துப் போய்ப் பல ஊர்களிலிருந்து தபாலில் போட்டார்கள். தேர்தலை நடுநிலையோடு நடத்த என்று அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்களிலும் அவர்கள் ஆட்கள் இருந்தார்கள். இப்படிப் பதினொரு சங்கங்கள். 2008இல் கூட்டாட்சிப் புலனாய்வாளர்கள் சோதனை நடத்தினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளானார்கள். பென்சருக்கு 2015இல் 15 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை.

இந்த வழக்கில் என்னை உலுக்குவது மோசடியின் அளவைவிட அதன் சுலபம். நகர மன்றத் தேர்தலை இப்படிக் கைப்பற்ற ஒரு பெரும் படை வேண்டும். அங்கே பத்திரிகை இருக்கும், எதிர்க்கட்சி முகவர் இருப்பார், தேர்தல் அலுவலர் இருப்பார். சங்கத் தேர்தலில் பினாமிகள் சிலரும் தபால்தலைகளும் போதுமாக இருந்தன. வாக்களிக்காமல் குப்பையில் எறிந்த ஒவ்வொரு சீட்டும் அவர்களுக்கு மூலதனம்.

மோசடி ஒரு பக்கம். நேர்மையாகத் தேர்தல் நடக்கும் இடத்திலும் பெரும்பான்மையின் வாக்கு எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு சாட்சி. 1981இல் கடற்கரையில் கட்டிய சாம்பிளைன் டவர்ஸ் சவுத் கட்டடத்தில் 136 வீடுகள், ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு. 2018இல் பொறியாளர் ஒருவர் ஆய்வு செய்து, குளத்துத் தளத்தின் நீர்த்தடுப்பு பழுதாகிக் கீழே உள்ள கான்கிரீட் பெரிதும் சேதமாகியிருக்கிறது என்று எழுதினார். செலவு மதிப்பீடு சுமார் 90 லட்சம் டாலர். அந்தப் பணத்துக்கு உரிமையாளர்கள்தாம் கையிருப்பைக் கரைக்க வேண்டும். எவ்வளவு, எப்போது, எந்த வேலை முதலில் என்று சண்டை. 2019இல் குழுவில் ஐந்து பேர் விலகினார்கள். 2021 ஏப்ரலில் ஒருவழியாக 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புதல் கிடைத்தது. வீட்டின் அளவைப் பொறுத்து ஒருவருக்கு 80,000 டாலர் முதல் 3,36,000 டாலர் வரை. முதல் தவணை ஜூலை 1 அன்று கட்ட வேண்டியது. ஜூன் 24 பின்னிரவில் கட்டடத்தின் ஏறக்குறைய பாதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள்.

பழுதை 2019இலேயே தொடங்கியிருந்தால் அந்த 98 பேரும் பிழைத்திருப்பார்களா என்பது பொறியியல் கேள்வி. கட்டிய காலத்து வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். என் அக்கறை வேறு. இங்கே கள்ள வாக்கு இல்லை, பினாமி இல்லை. ஊதியமின்றி மாலை நேரத்தைச் செலவழித்த அயலார்தாம் குழுவில் இருந்தார்கள். அவர்களுக்கு வாக்களித்தவர்களும் சாதாரண மனிதர்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர், இரண்டு ஆண்டில் வீட்டை விற்றுவிட நினைக்கும் ஒருவர், இப்போதுதான் கடன் வாங்கிக் குடிவந்த ஒருவர். முப்பது ஆண்டுக்குப் பிறகு தேவைப்படும் கான்கிரீட்டுக்கு இன்று பணம் கட்டச் சொல்லும் வேட்பாளர் இவர்களிடம் தோற்பார், கட்டணத்தை உயர்த்த மாட்டேன் என்பவர் ஜெயிப்பார். ஃபுளோரிடா சட்டமும் அதற்கு வசதி செய்து வைத்திருந்தது. பெரும்பான்மை வாக்கு இருந்தால் அந்த ஆண்டுக்கான பழுதுநிதியை ஒதுக்காமலே விடலாம். வருடாவருடம் விட்டார்கள், எத்தனையோ கட்டடங்களில் விட்டார்கள். 2022இல் சட்டம் மாறியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கான்டோமினியம்களில் கட்டமைப்புக்கான நிதியை வாக்கெடுப்பால் தள்ளுபடி செய்ய முடியாது என்று அது விதித்தது. 30 ஆண்டான கட்டடத்துக்கு ஆய்வு கட்டாயம். அதன்பின் பல கட்டடங்களில் கட்டணம் தாங்க முடியாமல் முதியவர்கள் வீட்டை விற்கிறார்கள். அந்தத் துயரமும் உண்மையானது. ஆனாலும் அயலாரின் உயிரைப் பாதிக்கும் ஒன்றை வாக்கெடுப்பில் தள்ளிப்போட முடியாதபடி செய்தது சரியே என்பது என் முடிவு. ஓர் அரசியலமைப்பு, நாட்டின் பெரும்பான்மைக்கே சில எல்லைகளைப் போட்டு வைக்கிறது. நூற்று முப்பத்தாறு வீட்டுப் பெரும்பான்மைக்கும் எல்லை வேண்டும்.

நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் இதே கேள்வியைப் பேச்சுரிமையின் பக்கமிருந்து அணுகின. ஈஸ்ட் வின்ட்ஸர் ஊரில் ட்வின் ரிவர்ஸ் என்ற பெரிய குடியிருப்பு, சுமார் 10,000 பேர் வாழும் இடம். வீட்டின் முன் அரசியல் அட்டை எங்கே, எத்தனை வைக்கலாம் என்று சங்கம் விதித்த கட்டுப்பாட்டையும், சங்கத்தின் செய்தித்தாளில் எதிர்ப்பாளருக்குச் சம இடம் இல்லாததையும் எதிர்த்துக் குடியிருப்போர் வழக்காடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2007இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது: கட்டுப்பாடு நியாயமானது, பிடிக்காவிட்டால் தேர்தலில் குழுவை மாற்றிக்கொள்ளலாம். இந்த வாதத்தின் ஓட்டை, ஃபோர்ட் லீ நகரின் ஓர் உயரடுக்கு மாடியில் வெளிப்பட்டது. அங்கே ஒருவர் குழுத் தேர்தலில் நிற்க விரும்பி, தன் கருத்தைத் துண்டறிக்கையாக அச்சிட்டு வீட்டுக் கதவுகளின் கீழே போட அனுமதி கேட்டார். விதி இடம் தராது என்று குழு மறுத்தது. அதே குழு, எதிர்ப்பாளர்களை விமர்சித்துத் தான் எழுதியதை அதே கதவுகளின் கீழே போட்டு வந்தது. தேர்தலில் மாற்றிக்கொள் என்கிறவர்கள், தேர்தலில் பேச விடவில்லை. மேஸ்டாபுரூக் தீர்ப்புக்கு இரண்டாண்டு கழித்து, 2014இல், மாநில உச்ச நீதிமன்றம் துண்டறிக்கைத் தடையையும் செல்லாது என்றது. அதையடுத்து 2017இல் ராட்பர்ன் சட்டம். நீதிமன்றமும் சட்டமன்றமும் பத்தாண்டில் வந்து சேர்ந்த இடம் இது: தனியார் சங்கமே ஆனாலும், தேர்தல் வழியாகத்தான் தன் அதிகாரத்துக்கு நியாயம் சொல்கிறது என்றால் அந்தத் தேர்தல் உண்மையாக இருக்க வேண்டும்.

இதற்கு ஆயிரம் பக்கச் சட்டம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஃபுளோரிடா கான்டோமினியம்களுக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்கிறார்; வாக்குரிமை உள்ளவர்களில் 15 விழுக்காட்டினர், அல்லது குறைந்தது ஆறு வீட்டு உரிமையாளர்கள், இதில் எது அதிகமோ அத்தனை பேர் மனுப் போட்டால், தேர்தலுக்கு வெளியாள் ஒருவரைக் கண்காணிப்பாளராக அவர் அனுப்ப வேண்டும். வழக்கறிஞருக்குக் கொட்டிக்கொடுத்து ஏழாண்டு காத்திருப்பதைவிட இது எளிது, மலிவு. கலிபோர்னியாவின் இரட்டை உறை, டெக்சாஸின் வாக்கு பறிப்புத் தடை, நியூ ஜெர்சியின் வேட்பாளர் உரிமை, ஃபுளோரிடாவின் கண்காணிப்பாளர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாநிலத்தில் சிதறிக் கிடக்கிறது. எல்லாம் ஒருசேர ஓரிடத்தில் இருந்தால் பெரும்பாலான சங்கங்கள் பிழைத்துக்கொள்ளும். வாடகைக்கு இருப்பவரின் வாக்குக் கேள்வியை மட்டும் இந்த மாநிலங்கள் எதுவும் தொடவில்லை. வீட்டின் மதிப்பைப் பாதிக்கும் முடிவுகளை உரிமையாளர் எடுக்கட்டும். குளம் எத்தனை மணிக்குத் திறக்கும், பிள்ளைகள் எங்கே விளையாடலாம் என்பதில் அங்கே வாழ்கிறவருக்குக் குரல் இல்லாமல் போவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலும் இது அயல்நாட்டுக் கதையாக நெடுநாள் இருக்காது. 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் இடத்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கிறது அது. சென்னையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுந்த அடுக்குமாடிகள் பல இந்த முடிவை எதிர்நோக்கி நிற்கின்றன. எந்த பில்டர், எவ்வளவு இடம், அதுவரை எங்கே குடியிருப்பது என்பதையெல்லாம் பேரம் பேசப் போவது சங்கத்தின் செயற்குழு. அந்தச் செயற்குழுவை நம்மில் எத்தனை பேர் போட்டியிட்ட தேர்தலில் தேர்ந்தெடுத்தோம்?

நீங்கள் ஃபிரிஸ்கோவில் இருந்தாலும் சரி, வேளச்சேரியில் இருந்தாலும் சரி, அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கான அறிவிப்பு வரும்போது சங்கத்திடம் எழுத்து மூலம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வாக்காளர் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள், வாக்கை எண்ணப் போவது யார், குழுவை எதிர்த்து நிற்பவர் தன் கருத்தை எல்லா வீட்டுக்கும் அனுப்ப என்ன வழி. பதில் வராவிட்டால் அக்கம்பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். கூட்டத்துக்குப் போங்கள்.